மன்னிப்புக்கு எந்த வார்த்தை

"இன்னுமா டைப் அடிச்சு முடிக்கலை?" என்றாள் சரோஜினி, துணி மடித்தபடி.

"சரியான வார்த்தை அமையணும்ல."

"ஸாரின்னா ஆச்சு."

"ஸாரி, பஸ்ல காலை மிதிச்சதுக்குச் சொல்றது," என்றார் ஜெபராஜ்.

தாம்பரத்தில் முப்பத்தைந்து வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். போன வருஷம், மகள் அபிகாயிலின் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை கேசவன் மைக் பிடித்து இங்கிலீஷில் நன்றி சொன்னான். சிறுசேரியில் ஏசி மெக்கானிக், ஆசைப்பட்டுப் பேசினான். முன்வரிசையிலிருந்து மாமனார் எழுந்து, "ராங்" என்று திருத்தினார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மண்டபமே சிரித்தது. அன்றோடு மகள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வருகிற ஞாயிறு கேளம்பாக்கத்தில் அவளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை அழைத்து வர வேண்டும். "அம்மா மட்டும் வரட்டும். நான் தாம்பரம் வர்றதை அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

கடைசியில் ஜெபராஜ் மகளின் எண்ணுக்கு அனுப்பினார்: 'அன்று நடந்தது ஒரு எரர்.'

ஒரு மணி நேரம் கழித்து இங்கிலீஷிலேயே பதில் வந்தது: 'எரர் என்பது கணக்கிலும் கருவியிலும் வருவது. நீங்கள் மனிதர்.'

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா சரோ, ஒரு தப்பு இல்லை. யாரு பொண்ணு!"

"அப்பான்னு ஒரு வார்த்தை இருக்கா அதுல?"

இல்லை.

'மிஸ்டேக்' என்று மாற்றி அனுப்பினார். சாயங்காலம்தான் பதில் வந்தது: 'மிஸ்டேக் தெரியாமல் செய்வது. மூன்று முறையும் தெரியாமலா எழுந்தீர்கள்?'

"கேக்கறது நியாயம்தானே," என்றாள் சரோஜினி.

"நீ யார் கட்சி?"

"நான் பேரப்பிள்ளை கட்சி."

வந்த கோபத்தில் ஜெபராஜ், 'ஃபால்ட் இரண்டு பக்கமும் இருக்கிறது' என்று தட்டிவிட்டார்.

'என் பக்கம் என்ன ஃபால்ட்?' என்று உடனே வந்தது. அதற்கு அவர் அனுப்பிய நீண்ட விளக்கத்துக்கு நீல டிக் மட்டும்தான் விழுந்தது.

"போச்சு. எனக்கு வந்த அழைப்பையும் சேர்த்துக் கெடுத்தாச்சு," என்றாள் சரோஜினி.

மறுநாள் முழுக்க ஒன்றும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தார், நிமிர்த்தி வைத்தார்.

"அன்னைக்கு அப்படி என்னதாங்க பேசினார் மாப்பிள்ளை?" என்று கேட்டாள் சரோஜினி. "நான் பந்தி பார்க்கப் போயிட்டேன்."

"ஹேவ் வர வேண்டிய இடத்துல ஹேஸ் போட்டு..."

"அது இல்லைங்க. என்ன சொன்னார்?"

ஜெபராஜ் போனை எடுத்தார். இந்த முறை தமிழில் அடித்தார்.

'தப்பு என்னுடையதுதான். மாப்பிள்ளை அன்று என்ன சொன்னார் என்று அம்மா கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. திருத்துகிற அவசரத்தில் நான் கேட்கவே இல்லை.'

பதிலும் தமிழிலேயே வந்தது. 'ஞாயிறு காலை பத்து மணி. ரெண்டு பேரும் வாங்க.'

கேளம்பாக்கத்தில், இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு அபிகாயில் உட்கார்ந்திருந்தாள். "வாங்கப்பா," என்றாள். "பெட்டி கட்டி வச்சாச்சு. சாயங்காலம் கிளம்பலாம்."

ஜெபராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற கேசவனின் அம்மா அம்மணியிடம் திரும்பினார்.

"உங்க மருமக எனக்கே பாடம் எடுத்துட்டா சம்பந்தி. என்ன ஒரு இங்கிலீஷ்!"

"மருமவளா?" என்றாள் அம்மணி. "அவ போனு ஒரு வாரமா எம்புள்ளைகிட்டதான் கீது. ஒவ்வொரு பதிலுக்கும் டிக்ஷனரிய பொரட்டிகினு உக்காந்திருந்தான், 'மாமா படிப்பாரும்மா, தப்பு வரக்கூடாது'ன்னு."