பாயோடு ஓடிய கிளாக்கர்

சனிக்கிழமைப் பின்னேரத்தில் அறைக்குள் தனியே கிடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், ஒரு பின்னேரம் எவ்வளவு நீளம் என்று. மட்டக்களப்பில் கிளாக்கராக இருந்த காலத்தில் அப்படி எத்தனையோ பின்னேரங்களைச் சுவரைப் பார்த்தபடியே கழித்தேன். (பல்லிகளுக்குப் பெயர்கூட வைத்திருந்தேன்.)

காரணம் என் அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து நான் பெட்டியும் கையுமாகப் புறப்பட்டபோது காதோடு சொன்னார்: "மட்டக்களப்பிலை ஒருத்தற்றை வீட்டுப் பாயிலையும் குந்திப்போடாதை. மந்திரிச்சுப் பாயோடை ஒட்டிப்போடுவினம். பிறகு ஊருக்கு வரமாட்டாய்." எங்கள் பக்கத்துத் தாய்மார் எல்லோரும் அந்த நாளில் சொல்லியனுப்பிய புத்திமதிதான். இங்கிலீசு படித்த நான் அதை நம்பினேனா என்று கேட்காதீர்கள். நம்பினேன்.

எனக்கு அங்கே இருந்த கூட்டாளிகள் இரண்டே பேர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சீனித்தம்பி. காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த ஆதம்பாவா. வா வா என்று கூப்பிட்டு இருவரும் களைத்துப்போனார்கள். கடைசியில் தனிமை பயத்தை வென்றது. ஒரு சனிக்கிழமை மூவரும் தோணியேறி ஆரையம்பதிக்கு, சீனித்தம்பி வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் பாட்டும் பகிடியும். இப்படியும் ஒரு பின்னேரம் உண்டா என்று எனக்கு அழுகையே வந்தது.

"இருங்க மனே" என்று சீனித்தம்பியின் அம்மா பாயைக் காட்டினார்.

"இல்லையம்மா, நிக்கிறன்."

"நிண்டுகொண்டா சாப்பிடப் போறீங்க?"

தூண் மாதிரி நின்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கறிவாசம் வேறு. சரி, வருவது வரட்டும் என்று உட்கார்ந்தேன். மீன்கறியோடு சோறு, அதன்பிறகு பலாப்பழம். அம்மாவையும் மறந்தேன், மந்திரத்தையும் மறந்தேன். கையலம்ப எழும்பினேன். பாயும் என்னோடு எழும்பியது.

"ஐயோ! ஒட்டிப்போட்டினம்! மந்திரிச்சுப் போட்டினம்!"

வேட்டியில் பாய் தொங்க, முற்றத்தைத் தாண்டி ஓடினேன்.

"அல்லாவே! கிளாக்கர் பாயையும் கொண்டெல்லோ ஓடுறார்!" என்றார் ஆதம்பாவா.

சீனித்தம்பியின் அம்மா எண்ணெய்ப் போத்தலோடு பின்னால் வந்தார். "நில்லுங்க மனே! எண்ணெய் பூசினாக் கழண்டிடும்!"

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒட்டவும் தெரியும், கழற்றவும் தெரியுமாமே! "கிட்ட வராதேங்கோ! உங்கடை மந்திர எண்ணெய் எனக்கு வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு வாவிக்குள் பாய்ந்தேன். இடுப்பளவு தண்ணீர். பாய் எனக்குப் பின்னால் மிதந்தது.

"அது பலாப்பால், மச்சான்" என்றான் கரையில் நின்ற சீனித்தம்பி. "காலையில அம்மா அந்தப் பாயில வைச்சுத்தான் பழம் வெட்டினவ." அவன் சிரிக்கவில்லை.

அவனுடைய அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்களப் பத்தி இப்பிடியா மனே நினைச்சிருந்தீங்க?" என்றார். போத்தலை மணலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தண்ணீருக்குள்ளேயே செத்திருக்கலாம். சாகவில்லை, சீனித்தம்பியின் சாரத்தைக் கட்டிக்கொண்டு தோணியில் திரும்பினேன். யாரும் பாடவில்லை.

அடுத்த சனிக்கிழமை பொழுதுபட, சீனித்தம்பியும் ஆதம்பாவாவும் வந்து கதவைத் தட்டினார்கள். "மச்சான், இருக்கயா? அம்மா உன்னக் கூட்டி வரச் சொன்னவ." எந்த முகத்தோடு போவேன்? விளக்கை அணைத்துவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு மூலையில் குந்தியிருந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். அன்றும் விளக்கை நூர்த்தேன். அவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது கேட்டது.

மூன்றாவது சனிக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். தலை சீவி, வெள்ளை வேட்டி கட்டி, விளக்கைப் பெரிதாக்கி வைத்துக் கதவருகிலேயே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. நானாகத் தேடிப் போக வெட்கம். அதன்பிறகு பல்லிகள்தான். இடமாற்றம் கேட்டு எழுதி, ஊருக்கே திரும்பிவிட்டேன்.

கலியாணமான புதிதில் இதை மனைவியிடம் உளறிவைத்தேன். அன்று பிடித்தது வினை. இன்றைக்கும் பொழுதுபட்ட நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால், "கெதியா விளக்கை நூருங்கோ, அப்பா ஒளிக்கவேணும்!" என்று அவள் குசினியிலிருந்து குரல் கொடுப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் எழும்பி ஓடிப்போய்க் கதவைத் திறப்பவன் எப்போதும் நான்தான். இதுவரை ஒருநாளும் அது சீனித்தம்பியாக இருந்ததில்லை.