சேம்பருக்கு வைத்த பொட்டு

புது மாப்பிள்ளைக்கு மாமனார் முன்னால் “தெரியாது” என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. எனக்கும் வரவில்லை. வந்திருந்தால் என் இரண்டு கால்களின் போட்டோ இன்று சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றிக்கொண்டிருக்காது.

திண்டிவனத்தில் மாமனாருக்கு எவர்சில்வர் பட்டறை. பால் கேன், கல்யாண மண்டபத்து அண்டா என்று செய்துகொண்டிருந்தவருக்குத் திடீரென ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வேக்குவம் சேம்பர் ஆர்டர் வந்தது. பெட்டிக்குள் இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, அந்த வெற்றிடத்தில் சோதனை செய்வார்களாம்.

“மாப்ள, இது உங்க பொறுப்பு. பாஸாச்சின்னா பட்டறை சாவி உங்க கையில” என்றார். (அதுவரை என் கையில் இருந்தது டீ பிளாஸ்க்.)

அவர்கள் கொடுத்த வரைபடத்தில் ‘உட்புறம் மட்டும் வழவழப்பாக’ என்று தெளிவாக இருந்தது. உள்ளே சொரசொரப்பாக இருந்தால் அந்த மேடுபள்ளங்களில் ஈரம் ஒட்டிக்கொண்டு, பம்ப் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். வெளிப்புறம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று என் கவலை மாமனாரின் மானம் பற்றியது. வெளியேயும் கண்ணாடி போல மினுக்கச் சொன்னேன். இரண்டு பாலிஷ்காரர்கள் ஆறு நாள் தேய்த்தார்கள்.

“வெளிய எதுக்கு மாப்ள இவ்ளோ தேய்ச்சிக்கினு இருக்காங்க? வீண் செலவாச்சே” என்றார் மாமனார்.

“கஸ்டமர் அசந்துடணும் மாமா” என்றேன். அவரும் அதில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

எங்கள் பட்டறையிலிருந்து எந்தப் பாத்திரமும் மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயில் ஒரு துடைப்பு வாங்காமல் வெளியே போகாது. கைரேகை மறைந்து பளபளக்கும். சந்தனம் குங்குமம் வைக்காமலும் போகாது. சேம்பர் மட்டும் என்ன பாவம் செய்தது? உள்ளே தாராளமாக எண்ணெய் தடவினேன். வெளிப் பளபளப்பு கெடக்கூடாதே என்று பொட்டையும் உள்சுவரிலேயே வைத்தேன்.

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சோதிக்க வந்த மேடத்தை விழுப்புரம் ஸ்டேஷனில் இருந்து நானே அழைத்து வந்தேன், வழியெல்லாம் பெருமை அளந்துகொண்டு. பம்ப் ஓடியது. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் சரசரவென்று இறங்கியது. நான் மாமனாரைப் பெருமையாகப் பார்த்தேன். முள் நின்றது. ஒரு மணி நேரம் ஆகியும் அசையவில்லை.

மேடம் பம்பை நிறுத்திக் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“சார், இதுல வடை ஏதாவது சுட்டீங்களா?”

“இல்லீங்க மேடம். எண்ணெய் தடவினேன்.”

டார்ச் அடித்தார். “அது இன்னாங்க, பொட்டா?”

“சாமி கும்புட்டுதாங்க அனுப்புவோம்.”

“ஒரு கைரேகை பட்டாலே பேஜாருங்க இதுல. எண்ணெய் ஆவியா வந்துக்கினே இருந்தா வெற்றிடம் எப்படி வரும்? வெளிய இந்தப் பாலிஷை யார் கேட்டாங்க? மூணு நாள் டைம். அப்பவும் முள்ளு இறங்கலன்னா ஆர்டர் கேன்சல்.”

மாமனார் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று நாளும் இடுப்பு வரை சேம்பருக்குள் கிடந்தேன். சோப்பு, வெந்நீர், அப்புறம் மூக்கை எரிக்கும் ஏதோ ஒரு திரவம். எண்ணெய் போனால் மூலைகளிலிருந்து பாலிஷ் மெழுகு வந்தது. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தாள். “என்னங்க, சேம்பரு உங்கள முழுங்கிடுச்சா?” என்று கேட்டபடியே போட்டோ எடுத்தாள். நான் வெளியே வருவதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் மேடம் முன்னிலையில் முள் இறங்கியது. இறங்கிக்கொண்டே போய், கேட்ட இடத்தையும் தாண்டியது. நான் கத்திய கத்தலில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். மாமனாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டேன்.

சொன்னபடி சாவியைக் கொடுத்தார். பட்டறை இன்று என் பொறுப்பில்தான். ஆனாலும் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நான் சந்தனத்தில் விரல் வைக்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்துவிடும்:

“மாப்ள, நீங்க மணி மட்டும் அடிங்க. கிண்ணத்த இப்படிக் குடுங்க.”