மிசின் அண்ணையும் இரண்டு சைக்கிளும்

டிஜே தம்பி, நீர் பொய் சொல்லியிருக்கிறீர்.

போன வாரம் இதே பத்திரிகையில் கறுப்புக் கண்ணாடியோடு படம் போட்டு, இரண்டு பக்கத்துக்குப் பேட்டி கொடுத்திருந்தீர். "வன்னிக்கு எலக்ட்ரோனிக் நடன இசையை முதன்முதலில் கொண்டுபோனவன் நான்தான். அதற்கு முன் அங்கே அழுகையைத் தவிர வேறு சத்தம் இருந்ததில்லை" என்றீர். முதல் வசனம் பொய். இரண்டாவது வசனம் எங்களுக்கு அவமானம். தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் ஸ்கந்தபுரத்தில் தையல் மிசின் மிதித்துக்கொண்டிருந்தவள். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

வன்னிக்கு அந்த இசையைக் கொண்டுவந்தவர் மிசின் அண்ணை. இந்தத் தீவில் அவருடைய காதுக்கு நிகரான காது ஒன்று இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. அவருடைய சொந்தப் பெயர் நிவாரண அட்டையில் மட்டும் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்துவது அவர் தொழில். மற்ற மெக்கானிக்குகள் கழற்றிப் பார்ப்பார்கள். இவர் கழற்றமாட்டார். நீளமான திருப்புளியின் ஒரு முனையை ஓடுகிற மிசினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர்மார் கூட நோயாளிக்கு அவ்வளவு நேரம் செலவழிப்பதில்லை. ஒருமுறை பக்கத்துப் பக்கத்து மிளகாய்த் தோட்டங்களில் இரண்டு மிசின் ஒரே நேரத்தில் ஓடியது. ஒன்று கொஞ்சம் முந்த, மற்றது கொஞ்சம் பிந்தியது. அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. வேலியைப் பாய்ந்து பாய்ந்து இரண்டையும் கூட்டிக் குறைத்து, ஒரே துடிப்புக்குக் கொண்டுவர மினக்கெட்டார். ஒரு மணித்தியாலம் போயிற்று.

தோட்டக்காரர் கத்தினார். "அண்ணை, என்ர மிளகாய்க் கண்டெல்லாம் நீந்துது!"

"பொறும் ஐசே, இன்னும் அரைத் துடிப்புத்தான் கிடக்கு!"

இப்படிப்பட்டவருக்கு ஒரு தம்பி ஜேர்மனியில் இருந்தான். அந்த நாளில் வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவார்கள். இந்தத் தம்பிக்குப் பேச வராது. நாலு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். மிச்சக் கசெற் வீணாகப் போகக்கூடாது என்று, சனிக்கிழமைகளில் தான் போய் ஆடுகிற நிலவறைக் கிளப்பில் போடும் பாட்டைப் பதிந்து நிரப்பிவிடுவான். அதற்கு டெக்னோ என்று பெயர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். முதல் கசெற்றை அண்ணை மூன்று தரம் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"பிள்ளை, ஆரோ ஒருத்தன் பிழையே இல்லாத மிசின் ஒண்டு செய்துபோட்டான்."

கேட்பதென்றால் சும்மா இல்லை. கிளிநொச்சிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வந்து ஸ்கந்தபுரத்தில் குவிந்திருந்த காலம். மின்சாரம் இல்லை. வன்னிக்குள் பற்றறி கொண்டுவர அரசாங்கத் தடை. றேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் ஏறி மிதிக்கவேண்டும். ஊர் முழுக்கச் செய்திக்காக மிதித்தது. பாட்டுக்காக மிதிக்க வைத்தவர் மிசின் அண்ணை ஒருவர்தான். அதுவும் இரண்டு சைக்கிள்.

ஏன் இரண்டு? ஒரு பாட்டு முடிந்து மற்றப் பாட்டுத் தொடங்கும்வரை வருகிற இடைவெளி அவருக்குப் பிடிக்காது. "மிசின் நிண்டு நிண்டு ஓடினா அதுக்கு வருத்தம் எண்டு அர்த்தம்" என்பார். ஆகவே இரண்டு ரேப் றெக்கோடர், இரண்டு சைக்கிள், இரண்டு தார்ப் பீப்பா. ஒவ்வொரு பீப்பாவின் வாயிலும் ஒரு ஸ்பீக்கர். பீப்பாவுக்குள் போய்த் திரும்பி வருகிற சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கும். ஒரு பாட்டைக் குறைக்க வேண்டுமென்றால் அந்தப் பீப்பாவை ஈரச் சாக்கால் மெல்ல மூடுவார். மற்றப் பீப்பாவின் சாக்கை மெல்லத் தூக்குவார். தம்பி, உம்முடைய மேசையில் இருக்கிற விலைகூடிய பொத்தான்கள் செய்வது இந்த வேலையைத்தான். நாங்கள் அதை நெல்லுச் சாக்கால் செய்தோம்.

இரண்டு பாட்டின் வேகத்தையும் ஒன்றாக்குவது எப்படி? அதற்குத்தான் எங்கள் கால்கள். கெதியாக மிதித்தால் பாட்டுப் பறக்கும். மெதுவாக மிதித்தால் பாட்டுக் கொட்டாவி விடும். அண்ணை நடுவில் நிற்பார். பழைய டெலிபோன் ஒன்றின் காதுப்பக்கத்தை வெட்டி, சைக்கிள் ரியூப்பால் தலையைச் சுற்றிக் கட்டியிருப்பார். வழியில் போகிறவர்கள் "என்ன அண்ணை, பல்லுக்கொதியோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் காதில் விழாது. "பிள்ளை, ஒரு நூல் குறை! செல்லையா, நீ கூட்டு! கூட்டு! காணும், பிடிச்சுக்கொண்டு நில்!" என்று எங்களை ஓட்டிக்கொண்டிருப்பார்.

என்னை எப்படிப் பிடித்தார் என்றால், கால்சட்டை தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் என் தையல் மிசின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அரை மணித்தியாலம் அசையாமல் நின்றார். பிறகு, "உம்மட கால் முந்தவும் மாட்டுது, பிந்தவும் மாட்டுது" என்றார். என் காலைப் பற்றி ஓர் ஆண் சொன்ன ஒரே நல்ல வார்த்தை இன்றுவரை அதுதான். மற்றச் சைக்கிளில் செல்லையா அண்ணன். மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் வயல் வேலை செய்தவர். அவருடைய தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடித்தவர். "தாளம் நமக்கு ரத்தத்துல இருக்குதும்மா. ஆனா இந்தாளு விடுற ஏச்சுலதான் ரத்தம் கொதிக்குது" என்பார்.

ஒரு கசெற்றில் பாட்டின் நடுவே தம்பியின் குரல் வரும்: "அம்மாவின்ர கால் எப்பிடி?" அண்ணை அந்த இடத்தை விரலால் சுழற்றிச் சுழற்றிப் பின்னுக்குக் கொண்டுபோவார். தாளத்துக்கு ஏற்றபடி "கால் எப்பிடி, கால் எப்பிடி, கால் எப்பிடி" என்று வரும். குசினிக்குள் இருந்து அவருடைய அம்மா ஒவ்வொரு தரமும் மறுமொழி சொல்லுவா.

"இப்ப பறவாயில்லையடா!"

ஒருநாள் எட்டுத் தரம் சொன்னா. ஒன்பதாம் தரம் அகப்பையோடு வெளியே வந்தா. "எத்தினை தரமடா சொல்லுறது? கோதாரியில போற கால்!"

சனம் சிரித்தது. ஆனால் அந்தச் சனம் ஆடவில்லை. அதுதான் அண்ணையின் ஒரே கவலை. பின்னேரங்களில் முப்பது நாற்பது பேர் வந்து வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போல நிற்பார்கள். காவடிக்கு உருக்கொண்டு ஆடுகிற அதே சனம்தான். காரணம் இல்லாமல் ஆடுவதற்கு வெட்கம். "விசர்ச் சத்தம்" என்றார்கள். "இந்த நேரத்தில உங்களுக்கு உது தேவையோ?" என்றார்கள்.

தேவைதான். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அந்த நாளில் எங்கள் காதில் விழுந்த ஒவ்வொரு பாட்டும் எங்களுக்கு ஒரு கட்டளை போட்டது. அழு என்றது, எழு என்றது, கும்பிடு என்றது, காதலித்துச் சாவு என்றது. இது ஒன்றுதான் எதுவும் கேட்காத பாட்டு. அதில் வார்த்தையே இல்லை. எங்களை அது பாவப்பட்ட சனமாகப் பார்க்கவில்லை. காலும் நெஞ்சும் உள்ள ஆட்களாகப் பார்த்தது. அதற்காக நான் இரண்டு வருடம் மிதித்தேன்.

அண்ணைக்கு இதெல்லாம் வேண்டாம். "ஒராள் எழும்பி ஆடினாக் காணும் பிள்ளை. ஆடாட்டி உது வெறும் மிசின் ஓடுறதுதான்" என்பார்.

பிறகு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வந்தது. இடப்பெயர்வில் பாண்ட் வாத்தியங்கள் எல்லாம் போய்விட்டன. உடற்பயிற்சிக் காட்சிக்குத் தாளம் இல்லை. அதிபர் வேறு வழியில்லாமல் அண்ணையிடம் வந்தார். அண்ணைக்குத் தலைகால் தெரியவில்லை. நூற்றிருபது பிள்ளைகள்! ஊர் முழுக்கப் பார்க்க வரும்! பீப்பாக்களுக்குப் புது வர்ணம் பூசினார்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் போனது. பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு கையை உயர்த்தினார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். கல்விக் கந்தோரிலிருந்து வந்த பிரதம விருந்தினர் தலையை ஆட்டினார். அப்போதுதான் செல்லையா அண்ணன் மூன்றாவது வரிசையில் தன் மகளைக் கண்டார். "அந்தா நம்ம புள்ள!" என்றவர் சந்தோசத்தில் ஒரு மிதி மிதித்தார். பாட்டுப் பாய்ந்தது. அவரைப் பிடிக்க நானும் மிதித்தேன். அண்ணை தடுத்திருக்க வேண்டும். அவரோ டெலிபோன் துண்டைக் காதோடு பொத்திக்கொண்டு, "சேருது! சேருது! விடாதையுங்கோ!" என்று குதித்தார். பிள்ளைகள் குனிந்து நிமிர நேரமில்லாமல் பாதியில் குனிந்து பாதியில் நிமிர்ந்தார்கள். நூற்றிருபது பேரும் கோழி கொத்துவதுபோலக் கொத்தினார்கள். பிரதம விருந்தினர் எழுந்து நின்றார். யாரோ அது மரியாதைக்கு எழுந்து நிற்பது என்று நினைத்து எல்லோரையும் எழுப்பிவிட்டார்கள்.

அதிபர் ஓடி வந்தார். "நிப்பாட்டும்! உடன நிப்பாட்டும்!"

"சேர், இப்பதான் இரண்டும் ஒண்டாச் சேர்ந்திருக்கு!"

"இனி உம்மட பீப்பா இந்த வளவுக்குள்ள வரக்கூடாது!"

பிள்ளைகள் மட்டும் மூச்சு வாங்க வாங்கக் கத்தினார்கள், "இன்னொருக்கா! இன்னொருக்கா!" அண்ணை அதைக் கூடக் கேட்கவில்லை. வீடு போகும்வரை ஒரே பேச்சு. "அதுகள் ஆடேல்லைப் பிள்ளை. எக்ஸசைஸ்தான் செய்ததுகள்."

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் போனேன். செல்லையா அண்ணன் முற்றத்தில் குந்தியிருந்தார். அண்ணை றெக்கோடர்களின் வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். பீப்பாக்களைத் தண்ணீர் பிடிக்கக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

"ஏன்?"

"ஆடுறதுக்கு ஆளில்லாத பாட்டு எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணை, உங்களுக்குக் காது மட்டுந்தான் இருக்கு, கண்ணில்லை. இரண்டு வருசமா உந்தச் சீற்றில இருந்துகொண்டு ஆடோணும் ஆடோணும் எண்டு நான் துடிச்சுக்கொண்டிருக்கிறன். எப்பிடி ஆடுறது? நான் எழும்பினா உங்கட பாட்டு நிண்டிடும்!"

அவர் சுருட்டின வயரைக் கீழே வைத்தார். இரண்டு பாட்டுக்கிடையில் அரைத் துடிப்புப் பிந்தினால் கண்டுபிடிக்கிற மனிதர். இதை அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. செல்லையா அண்ணனைப் பார்த்தார். அவர், "நானுந்தான்ண்ணே" என்றார்.

அண்ணை அப்போதும் தலையில் கட்டியிருந்த ரியூப்பை அவிழ்த்தார். ஒரு றெக்கோடரின் வயரைத் திரும்பக் கொழுவினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கினார்.

தம்பி, உலகத்தில் அதைவிட மோசமாக ஒரு மனிதன் சைக்கிள் மிதித்ததில்லை. காது நிறையத் துடிப்பு, காலில் ஒன்றும் இல்லை. பாட்டு நொண்டியது, விழுந்தது, எழும்பி ஓடியது. கள்ளுக்குடித்த டெக்னோ. நான் ஆடினேன். செல்லையா அண்ணன் தன் தகப்பனின் தப்புக்கு ஆடின ஆட்டத்தை ஆடிக்கொண்டே திட்டினார்: "அண்ணே, ஒரு நூல் கொறைங்க! கூட்டுங்க! பிந்துது! ஐயோ, உங்களுக்குத் தாளமே இல்லீங்களே!"

"வாயை மூடிக்கொண்டு ஆடடா!" என்றார் அண்ணை. அவர் முகம் முழுக்க வேர்வை. அவர் எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு மிதித்தார்.

அந்த நேரம் பார்த்து அதிபர், பழுதான இறைப்பு மிசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு படலையடியில் வந்து நின்றார். வெங்காயம் காய்கிறது, உடனே திருத்தவேண்டும் என்றார்.

"பாட்டு முடியட்டும் சேர். சும்மாதானே நிக்கிறியள், உந்த ஹாண்டிலை ஒருக்காப் பிடியுங்கோ, சைக்கிள் ஆடுது."

அதிபர் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிய இருபது நிமிடமானது. அண்ணையின் மிதியில் அது நாற்பது நிமிடமாகியிருந்தாலும் நான் ஆடியிருப்பேன்.

இப்போது கேட்கிறேன். நீர் எத்தனையோ ஊரில் எத்தனையோ மேடையில் நின்றிருக்கிறீர். ஒருத்தி ஆடவேண்டும் என்பதற்காக, உம்முடைய மேசையை விட்டு ஒரு பாட்டுக்காவது இறங்கியிருக்கிறீரா? வன்னியின் முதல் டிஜே யார்? எனக்குத் தனியாகக் கடிதம் போடவேண்டாம், சமாதானம் பேச ஆளனுப்பவும் வேண்டாம். பேட்டி வந்த அதே பக்கத்தில், உம்முடைய படத்தோடு பதில் சொல்லும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லும். மிசின் அண்ணைக்கு இப்போது கண் அவ்வளவு தெரிவதில்லை.