ப்ரீயா வந்த ட்யூப் பெட்டி

கலைமதி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் வந்து நின்ற அவள் புருஷன் தெய்வசிகாமணிக்கு ஒவ்வொரு தலை விழும்போதும் தன் கழுத்தைத் தடவிப் பார்க்கத் தோன்றியது.

தோன்றாதா பின்னே? இனி சவுண்டு சாமான் ஒன்றுகூட வாங்க மாட்டேன் என்று பெருமுக்கல் மலையேறிக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து மூணு மாசம்கூட ஆகவில்லை. மீறினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவளும் அந்தக் கற்பூரத்தின் முன்னாலேயே சொல்லியிருந்தாள். உப்பளத்தில் மூட்டை மூட்டையாகச் சுமக்கிறவனுக்கு இந்தச் சின்னப் பெட்டி கனத்தது.

“என்னாங்க அது?”

பஸ்ஸில் வரும்போதே நல்ல பொய்யாக ஒன்று யோசித்து வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துபோய் உண்மை வந்துவிட்டது.

“ட்யூப்... ட்யூப் ப்ரீ ஆம்ப்பு.”

“ப்ரீயா?” கலைமதி முகம் மலர்ந்தாள். “யாரு குடுக்கறாங்க? மிக்சி, ஃபேனு குடுத்தாங்களே, அது மாதிரியா?”

சாமியே கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. “ஆமா கலை. குயிலாப்பாளையத்துல. கார்டுக்கு ஒண்ணு.”

கடைக்காரர் பாஷையில் ‘ப்ரீ’ என்றால் முன்னால்; உள்ளே போய் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் அதை மாட்டினான். கண்ணாடி ட்யூப் இரண்டும் செக்கச்செவேல் என்று கண் விழித்தன. கொஞ்சம் தைரியம் வந்தது. இவ்வளவு நாள் நம்ம செட்டில் பாட்டு கரித்தது, இது வழியாகப் போனால் பதமாக வரும், ஒரு ட்யூப் போட்டால் குரல் குழையும், வேறு ட்யூப் மாற்றினால் மேளம் கனக்கும், வேண்டிய ருசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கினான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பாட்டு ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தாள்.

பாதிப் பாட்டு போயிருக்கும். பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டது. அதற்குள் பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி வந்துவிட்டாள். கலைமதி சொன்னாளாம். மகளிர் குழுவுக்கே தெரிந்துவிட்டதாம். நாளைக்குக் காலையில் பன்னிரண்டு பேரும் ரேஷன் கார்டோடு குயிலாப்பாளையம் கிளம்புகிறார்களாம். எந்தக் கடை என்று மட்டும் அவன் சொல்ல வேண்டுமாம்.

பன்னிரண்டு கார்டைப் பார்த்தால் கடைக்காரர் என்ன சொல்லுவார் என்று நினைத்ததுமே அவனுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

“ஸ்டாக்கு தீந்துபோச்சுக்கா. கடைசிப் பொட்டி இதான்.”

“ஐயோ பாவம்,” என்றாள் கலைமதி. “அக்கா வூட்ல பேத்திக்குக் காது குத்தறாங்க, பாட்டுப் போடணும். நமக்கு சும்மா வந்ததுதானேங்க, குடுத்துடுங்க.”

காசு கொடுத்து வாங்கியது என்று சொல்ல வாயைத் திறந்தான். கண் முன்னால் அந்த மலைக் கற்பூரம் எரிவது தெரிந்தது. மூடிக்கொண்டான். சுடச்சுடக் கழற்றி, துண்டில் சுற்றி, தன் கையாலேயே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தான்.

கலைமதி மீனை அலசிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “போனை சார்ஜுலயே உட்டுட்டுப் போயிட்டீங்க. அந்தக் கடைக்காரரு பேசினாரு. முழுக் காசையும் குடுத்துட்டு, மாத்திப் போடற ட்யூப் ரெண்டை வாங்காமலே வந்துட்டீங்களாம். சரிங்க, சொல்றேன்னு வெச்சுட்டேன். அப்பறம் எங்கம்மாவுக்குப் போன் போட்டு, நாளைக்கு...”

“கலைமதி, குழாயில தண்ணி வந்துடுச்சு” என்று தெருவில் யாரோ கூப்பிட, அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். தெய்வசிகாமணி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.