பல் டாக்டர் கேட்க வந்த கேள்வி

ஒரு பேராசிரியரின் மூக்கை உடைத்தே தீருவது என்று பல் டாக்டர் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையின் ஈரம் காய்வதற்குள்.

டாக்டர் பேசுவதற்கென்றே பிறந்தவர். தொழிலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. எதிரில் இருப்பவரை வாய் திறக்கச் சொல்லி, அதில் பஞ்சை அடைத்துவிட்டு, உலக நடப்பு முழுவதையும் அலசுவார். "நான் சொல்றது சரிதானே?" என்பார். சாய்வு நாற்காலியில் கிடப்பவர் "ஆ..." என்பார். வலியில் வந்த 'ஆ'வை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மேலே பேசுவார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. அன்றைக்கு ஆள் மனைவிதான்.

அவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் போனில் புகார் கேட்கும் வேலை. குழாயில் காற்று வருகிறது என்று ஊரே அவள் காதில் வந்து கொட்டும். அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாக ஞாயிறு மத்தியானம் ஆனால் நாடக அரங்கத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். நாடகம் முடிந்ததும் ஒரு பேராசிரியர் மேடைக்கு வந்து, நடித்தவர்களோடு உட்கார்ந்து, அதைப் பற்றிப் பேசுவாராம். எல்லாம் முடிந்து சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் முகம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருக்கும்.

"அப்படி என்னதான் பேசுவாங்க?"

"அதெல்லாம் சொன்னா தெரியாதுங்க."

"புரியற மாதிரி நடிச்சா எதுக்குத் தனியா ஒரு விளக்கம்? நானும் வரேன்."

"நீங்க வேணாம். அங்க அடுத்தவங்க பேசுவாங்க, நாம கேக்கணும்."

"எனக்குக் கேக்கத் தெரியாதா?"

"கேள்விதான் கேக்கத் தெரியும்."

"கேக்கறேன் பாரு! உங்க பேராசிரியர் பதில் தெரியாம பல்லிளிக்கப் போறாரு."

"வேணாங்க. படிச்சவங்க வர்ற இடம்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார்.

அரங்கத்தில் அவள் அவரை முன் வரிசையில் உட்கார வைத்தாள். "மைக் இங்கதான் முதல்ல வரும். எனக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுது, நான் கடைசி வரிசைக்குப் போறேன்." என்ன அக்கறை என்று அவர் பூரித்துப்போனார்.

விளக்கு அணைந்தது. மேடையில் ஒரு ஸ்டூல். அதில் ஒரு கிழவி. மகள் வெளிநாடு போகிறாள், போவதற்கு முன் அம்மாவோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். கிழவி சம்மதிக்கிறாள், ஆனால் சிரிக்க மறுக்கிறாள். வாயைக் கையால் மறைத்துக்கொள்கிறாள். பல் இல்லை. நாடகமே அவ்வளவுதான்.

டாக்டர் பழக்கதோஷத்தில் கிழவியின் வாயை ஆராய்ந்தார். மேல் வரிசை சுத்தமாகக் காலி. கீழே இடது பக்கம் ரெண்டு கடைவாய்ப் பல் மிச்சம், அதிலும் ஒன்று ஆடுகிறது. கேள்வி தயார்: 'ஒரு பல் செட் கட்டியிருந்தா இந்த நாடகத்துக்கே அவசியம் இல்லையே, சார்?' மூக்கு உடையும் சத்தம் இப்போதே அவர் காதில் விழுந்தது.

நாடகம் முடிந்து நாற்காலிகள் போட்டார்கள். பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஜீன்ஸ் போட்ட ஒரு சின்னப் பெண். மைக் நேராக டாக்டர் கைக்கு வந்தது.

"அந்த வயசான அம்மா வரலையா? நான் அவங்க பல்லைப் பத்தித்தான் கேக்கணும்."

அரங்கம் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். முப்பத்திரண்டும் முத்து முத்தாகத் தெரிந்தன.

"நான்தான் சார் அது."

டாக்டர் தொப்பென்று உட்கார்ந்தார். "இல்லம்மா... நான் பல் டாக்டர். நானே பார்த்தேனே, கீழ ரெண்டே ரெண்டு பல்லு!"

பேராசிரியர் எழுந்தேவிட்டார். "சார், அவங்க ஒரு தடவைகூட வாயைத் திறந்து காட்டல. உதட்டை மடிச்சுக்கிட்டாங்க, கையால மறைச்சாங்க. அந்த ரெண்டு பல்லை வச்சது நீங்க. பாதி நாடகம் மேடையில நடக்குது, மீதி உங்களுக்குள்ள நடக்குது."

"எப்படிம்மா?" என்றார் டாக்டர்.

"பல்லைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல சார்," என்றாள் அவள். "கூச்சத்தைப் பத்தி மட்டும்தான் யோசிச்சேன்."

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவர் அன்றைக்குத் தன் வாய் திறந்திருப்பது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எத்தனை வாய் பார்த்திருப்பார்! அந்த வாயை மறைக்க வரும் கையைத் தள்ளிவிட்டிருக்கிறாரே தவிர, பார்த்ததில்லை. ஒரு ஸ்டூலையும் ஒரு கையையும் வைத்துக்கொண்டு, இல்லாத பல்லைத் தனக்கே காட்டிவிட்டாளே! கொண்டுவந்த கேள்வி எங்கே போனதென்றே தெரியவில்லை. வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி பஸ் ஜன்னலோரம் திருப்தியாக உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கிளினிக்கில் ஒரு அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். டாக்டர் எதுவும் சொல்லாமல் காத்திருந்தார். கை மெல்லத் தானாக இறங்கியது.

அடுத்த ஞாயிறு அவரே முதல் ஆளாகக் கிளம்பி நின்றார்.

"எனக்குத் தலைவலிங்க. நீங்க போயிட்டு வந்து சொல்லுங்க," என்றாள் மனைவி.

அன்றும் அவர் பிரமித்துத்தான் போனார். பேச்சு முடிந்து எல்லோரும் கலைந்தபோது, டார்ச் வைத்துக்கொண்டு இடம் காட்டும் அம்மா அவரிடம் வந்தாள்.

"போன வாரம் உங்களோட வந்தாங்களே, அவங்க வரலையா சார்?"

"என் மனைவி. தலைவலி."

"அடடா. அவங்க இல்லாம கடைசி வரிசையே வெறிச்சோடிப் போச்சு. நாடகம் ஆரம்பிச்சதும் தூங்கினா, பேச்செல்லாம் முடிஞ்சு நான் போய் எழுப்பினாத்தான் எழுந்திருப்பாங்க. ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்ல சார்!"

டாக்டர் வீட்டுக்கு ஓடாத குறை. கதவைத் திறந்தவள் கன்னத்தில் தலையணை மடிப்பு. கண்ணில் அதே தெளிவு.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு! அங்க போய்த் தூங்கினியா?"

"வீட்ல எங்க தூங்க விட்டீங்க?"

"அப்ப எதுக்கு என்னை வர வேணாம்னு அத்தனை தடவை சொன்ன?"

"வாங்கன்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தது.

"அடுத்த வாரம் ரெண்டு பேராசிரியர் பேசறாங்களாம்," என்றாள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "உங்களுக்கு மட்டும் டிக்கெட் சொல்லி வச்சிருக்கேன்."

கோபமாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் பல்லைக் கடித்தார். கடைசியில் வெளியே வந்தது:

"எத்தனை மணிக்கு?"