"செரி மாமா"ன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு வீட்ல கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தங்கச்சி ஜினியோட கல்யாணக் கார்டை ஆரியங்கோட்டுல இருக்கற மாமா கையில கொடுத்துட்டு வரணும்.

பாறசாலையில ஸ்கூட்டரை எடுத்தா ரப்பர் நிழல்லயே போய்ச் சேர்ந்துடலாம். சின்னப் புள்ளைகூட செய்யற வேலை. அதைத்தான் நம்பி என்கிட்ட கொடுத்தாங்க.

மாமான்னா அம்மாவோட கூடப்பிறந்த அண்ணன். எங்க குடும்பத்துல முதல் கார்டு தாய்மாமனுக்குத்தான் போகணும். நேர்ல போய், ரெண்டு கையாலயும் கொடுக்கணும். அதுவும் இந்தக் கல்யாணத்துல அவர் வெறுமனே சாப்பிட்டுட்டுப் போற ஆள் இல்ல. எங்க அப்பா இறந்துட்டார். சர்ச் வாசல்லேருந்து ஜினி கையைப் பிடிச்சு நடத்திட்டுப் போய் மாப்பிள்ளைகிட்ட ஒப்படைக்க வேண்டியவர் மாமாதான். "அப்பா இல்லெங்கில் மாமா"ன்னு ஜினி முதல்லயே சொல்லிட்டா.

முறைப்படி அம்மாதான் போகணும். அவங்க முற்றத்துப் பாசியில வழுக்கி விழுந்து கால்ல கட்டோட உக்காந்திருந்தாங்க. ஜினிக்கு சர்ச்ல ஓலை, அதான் கல்யாண அறிவிப்பு, வாசிச்சாச்சு. ஓலை வாசிச்ச பொண்ணு ஊர் சுத்தக்கூடாது. மிச்சம் நான்தான். கல்யாண வேலைக்காக லீவு போட்டுட்டு வந்திருந்தேன்.

கிளம்பறப்ப அம்மா கூப்பிட்டு உக்கார வச்சாங்க.

"அண்ணன் கொஞ்சம் பரிபவம் பறைவான். நீ ஒண்ணும் திரும்பப் பறையண்டாம். 'செரி மாமா' எண்ணு மட்டும் சொன்னா மதி. கேட்டியா?"

பரிபவம்னா மனத்தாங்கல். எங்க பக்கம் கல்யாணம் விளிக்க, அதாவது அழைக்கப் போனா பெரியவங்க உடனே கார்டை வாங்கிட மாட்டாங்க. முதல்ல பழைய கணக்கெல்லாம் எடுத்து மனத்தாங்கலைக் கொட்டணும். நாம தலையைக் குனிஞ்சு கேட்டுக்கணும். நடுவுல டீ வரும். கடைசியில "செரி, வாறேன்"ம்பாங்க. பரிபவமே சொல்லாம கார்டை வாங்கிட்டாதான் பயப்படணும். அவங்க உண்மையாவே கோபமா இருக்காங்கன்னு அர்த்தம்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா அந்த சமயத்துல எனக்கு ஒரு வியாதி பிடிச்சிருந்தது.

ஆன்லைன்ல இலவசமா ஒரு வகுப்பு படிச்சு முடிச்சிருந்தேன். தர்க்கமா யோசிக்கறது எப்படி, அடுத்தவங்க வாதத்துல ஓட்டை கண்டுபிடிக்கறது எப்படின்னு சொல்லித் தர்ற வகுப்பு. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பேர் உண்டு. பேர் தெரிஞ்சுட்டா சும்மா இருக்க முடியாது. புதுசா கேரம்ஸ் கத்துக்கிட்டவன் சாப்பாட்டு மேசையிலயும் சுண்டிட்டே இருக்கற மாதிரி. என் வீட்டுக்காரர் "அம்மா வீட்டுக்கு எப்ப போற?"ன்னு ஆசையா கேட்க ஆரம்பிச்சது இந்த வகுப்புல சேர்ந்த பிறகுதான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். முந்தின நாள் சாயந்திரம் பிரஸ்ஸிலேருந்து கார்டு வந்ததும், அழகா இருக்கேன்னு ஒரு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டுட்டேன். போட்டோ வேற, கார்டு வேற, அதனால இது அழைப்பே இல்ல. இதுதான் என் தர்க்கம். பெருங்கடவிளைச் சித்தி உடனே "கண்டிப்பா வருவோம்"னு கைகூப்பு போட்டாங்க. மாமா ஒண்ணும் போடல. பார்த்ததுக்கான நீல டிக் மட்டும் இருந்தது.

போய் இறங்கினேன். மாமா வாசல் சிட்அவுட்ல உக்காந்து, என்னைப் பார்த்துக்கிட்டே பார்க்காத மாதிரி இருந்தார். மாமி உள்ளேருந்து ஓடி வந்து கன்னத்தைக் கிள்ளிட்டு, கப்பை, அதான் மரவள்ளிக்கிழங்கு, அவிஞ்சுட்டிருக்கு, சாப்பிடாமப் போகக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க.

"என்ன மக்கா, வழி தெற்றி வந்தியா?"ன்னார் மாமா.

ஆரம்பிச்சாச்சு. நான் கார்டை அவர் பக்கத்துல வச்சுட்டுத் தலையைக் குனிஞ்சேன்.

எங்க அப்பா போன பிறகு இந்த வீட்டுப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கலைன்னார். போன கிறிஸ்துமஸுக்கு நான் கொண்டு வந்த கேக்கை அவரேதான் முக்கால்வாசி சாப்பிட்டார். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "செரி மாமா"ன்னேன்.

மாப்பிள்ளை பார்த்தப்போ தன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலைன்னார். ஃபோன்ல கேட்டோம். அவர் "கொள்ளாம்", நல்லாயிருக்குன்னு சொன்னதை ஸ்பீக்கர்ல வீடே கேட்டுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு "செரி மாமா"ன்னேன்.

அப்புறம்தான் அவர் குடைப் பேச்சை எடுத்தார்.

"பின்ன, களியக்காவிளைக்காரன எனக்கு விசுவாசம் இல்ல. அங்க வாங்கின குடை முதல் மழையிலயே மலந்து போச்சு."

மாப்பிள்ளை களியக்காவிளை. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு. அவர் வாத்தியார், குடைக்கடைக்காரர் இல்ல. என்னால முடியல.

"மாமா, ஒரு குடையை வச்சு ஒரு ஊரையே குற்றம் பறையப்பிடாது. அது தப்பு வாதமாக்கும். அவசர முடிவு எண்ணு அதுக்கு ஒரு பேரு உண்டு."

மாமா என்னை முறைச்சார். ஆனா விபரீதம் அவர்கிட்டேருந்து வரல. கப்பைத் தட்டோட கதவுகிட்ட நின்ன மாமிகிட்டேருந்து வந்துச்சு.

"அதுக்கு பேரு உண்டா மக்கா?"ன்னு கேட்டு, தட்டை வச்சுட்டு மாமி என் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. என்னைக்கோ ஒரு நாள் மீன்கறியில உப்பு கூடிப்போனதுக்கு, உங்க வீட்டுக்காரங்க யாருக்குமே சமைக்கத் தெரியாதுன்னு மாமா சொன்னாராம். அதுவும் இதுதானான்னு கேட்டாங்க.

அதேதான் மாமின்னேன். மாமி முகத்துல கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு கரண்ட் வந்த மாதிரி ஒரு வெளிச்சம்.

மாமா தொண்டையைச் செருமிட்டு, பேச்சைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார். "இண்ணைக்கு கார்டை போனில அனுப்பியாச்சு. நாளைக்கு கல்யாணத்தையும் போனில நடத்துவிய. மறுநாள் சோறையும் போனிலயே காட்டிட்டு போவச் சொல்லுவிய."

"இது வழுக்குச் சரிவு மாமா. ஒண்ணு நடந்தா மத்ததும் வரிசையா நடந்தே தீரும்னு பயமுறுத்துகது."

நான் டிவி சீரியல் பாத்தா வீடே நாசமாப் போகும்னு இவர் சொல்றாரேன்னு மாமி கேட்டாங்க. அதுவும் வழுக்குச் சரிவுதான்னேன். மாமி அந்தப் பேரை ரெண்டு தடவை வாய்க்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டாங்க.

இந்த இடத்துல நான் நிறுத்தியிருக்கணும். ஆனா எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, அந்த வகுப்புல வீட்டுப்பாடமா வந்த கேள்வியெல்லாம் உயிரோட எந்திரிச்சு வேட்டி கட்டிட்டு எதிர்ல உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு. இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

நேத்து முளைச்ச நீ எனக்கு நியாயம் படிப்பிக்க வந்தியான்னு கேட்டார் மாமா. வாதத்தை விட்டுட்டு ஆளைத் தாக்கறீங்கன்னு சொன்னேன். "இது தினமும் உண்டு"ன்னு மாமி சேர்த்துக்கிட்டாங்க.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டினார். அப்புறம் ரொம்ப அமைதியா கேட்டார்.

"முதல் கார்டு மாமனுக்கு. நம்ம குடும்பத்து முறை. சம்மதமா?"

"சம்மதம் மாமா."

"நீ அதை நேத்தே குரூப்பில இட்டாச்சு. பெருங்கடவிளைக்காரி அதைப் பாத்து வாறேன் எண்ணும் பறைஞ்சாச்சு. உள்ளதா?"

"உள்ளது."

"அப்ப நீ கொண்டு வந்தது முதல் கார்டு இல்ல. இதுக்கு என்ன பேரு மக்களே?"

யோசிச்சேன். முன்னாடியிலேருந்து ஒரு தடவை, பின்னாடியிலேருந்து ஒரு தடவை. மாமியும் ஆவலா என் வாயையே பார்த்துட்டிருந்தாங்க.

"இதுக்கு பேரு ஒண்ணும் இல்ல மாமா. இது சரியான வாதமாக்கும்"னேன்.

"கொள்ளாம்"னு சொல்லிட்டு மாமா எந்திரிச்சார். கார்டை எடுத்து, முறை தவறாம ரெண்டு கையாலயும் என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு ரப்பர் தோட்டத்துக்குள்ள நடந்து போயிட்டார். அதுக்கப்புறம் அவர் ஒரு பரிபவமும் சொல்லல. அப்பதான் எனக்கு பயமே வந்துச்சு.

வீட்டுக்கு வந்தேன். ஜினி அப்போ பாலராமபுரத்துலேருந்து வந்திருந்த கல்யாணப் புடவையை தோள்ல போட்டுப் பார்த்துட்டிருந்தா. வெள்ளையில மெல்லிசா கசவு ஜரிகைக் கரை. என் கையில கார்டைப் பார்த்ததும் புடவையை மெதுவா மடிக்க ஆரம்பிச்சா.

"எக்கா, மாமாவும் வரல்லெங்கில் எனக்க கையை ஆரு பிடிப்பா?"

இந்தக் கேள்விக்கும் எந்தப் பேரும் கிடையாது. எனக்கு அவமானமா இருந்துச்சு. வாதத்துல ஓட்டை கண்டுபிடிச்சுட்டு வந்து ஒரு மூலையில உக்காந்து அழுத ஆள் எங்க ஊர்ல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அம்மா என்னைத் திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. மறுநாள் ஆராதனை முடிஞ்சதும் கால் கட்டோட ஒரு ஆட்டோவைப் பிடிச்சாங்க. நீயும் வா, கெடுத்தவ கூட இருக்கணும்னாங்க. வழியில ஒரு பெட்டிக்கடையில ஆட்டோவை நிறுத்தி, கப்பலண்டி மிட்டாய் வாங்கி ஒண்ணை என் வாய்க்குள்ள திணிச்சாங்க. எங்க பக்கத்துக் கடலை மிட்டாய் அது. வெல்லப்பாகு பல்லுல ஒட்டினா லேசுல விடாது.

"இது தீரும்வரை நீ வாய தொறக்கப்பிடாது."

மாமா சிட்அவுட்லயே இருந்தார். அம்மா ஆட்டோவை விட்டு இறங்கல. உக்காந்த இடத்துலயே ஆரம்பிச்சாங்க.

"அண்ணா, எனக்கு காலு வய்யா. உனக்க மருமவளுக்கு அப்பனும் இல்ல. நீயும் வரல்லெங்கில் ஊரு முழுக்க சிரிக்கும். பின்ன நான் உயிரோட இருந்து என்ன காரியம்?"

நான் மிட்டாயை மென்னுக்கிட்டே மனசுக்குள்ள பேர் வச்சேன். இரக்கத்தைத் தூண்டறது ஒண்ணு. பயமுறுத்தறது ஒண்ணு. ஊர் சிரிக்கும்ங்கறது கூட்டத்தோட கோவிந்தா. கால் சுளுக்குக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அம்மா சொன்னதுல தர்க்கப்படி நிக்கற ஒரு வரிகூட இல்ல.

மாமா துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டு இறங்கி வந்து அம்மாவைத் தாங்கிக் கூட்டிட்டுப் போனார்.

மாமி உள்ளேருந்து என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்தாங்க. மாமாவோட கோட்டு இஸ்திரி போட்டு தொங்குது. கோட்டுப் பையில கைக்குட்டைகூட மடிச்சு வச்சிருக்கு. "வெள்ளிக்கிழமையே தேச்சாச்சு. நீ வருவதுக்கு முன்னமே"ன்னு மாமி காதுல சொன்னாங்க.

நான் அவ்வளவு நேரம் உடைச்சதெல்லாம் வாதமே இல்ல. தங்கச்சி மக கையைப் பிடிச்சு நடக்கணும்னு கோட்டு தேய்ச்சு வச்சவர், கொஞ்சம் கெஞ்சட்டுமேன்னு ஆசைப்பட்டிருக்கார். அவ்வளவுதான்.

மாமா எல்லாத்தையும் முதல்லேருந்து திரும்பச் சொன்னார். ஒருத்தரும் எட்டிப் பார்க்கல, மாப்பிள்ளையைப் பத்தி கேட்கல, குடை மலந்து போச்சு, ஒண்ணு விடல. மிட்டாய் கரைஞ்சு ரொம்ப நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒவ்வொண்ணுக்கும் "செரி மாமா"ன்னேன். குடைக்கு ரெண்டு தடவை சொன்னேன். கடைசியில ரெண்டு கையாலயும் கார்டை வாங்கிட்டு "செரி, வாறேன்"னார்.

கிளம்பறப்ப கேட் வரைக்கும் என் கூடவே வந்தார். மாமி பின்னாடி வரலையேன்னு பார்த்துக்கிட்டு குரலைத் தணிச்சார். எதைக் கேட்டாலும் எல்லா வீட்லயும் இப்படித்தான்னு மாமி சொல்றாங்களாம். அதுக்கு ஏதாவது பேர் இருக்கான்னு கேட்டார்.

"கூட்டத்தோட கோவிந்தா, மாமா."

ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டு, திருப்தியா உள்ளே போனார்.

கல்யாணத்தன்னைக்கு அந்தக் கோட்டுல மாமா ஜினி கையைப் பிடிச்சு நடந்து வந்தப்போ எனக்குக் கண்ணு நிறைஞ்சுடுச்சு. ஜினி சிரிச்சுட்டே வந்தா. மாமாதான் அழுதுட்டே வந்தார்.

எல்லாரும் நின்னோம். போதகர் கண்ணாடியைச் சரி பண்ணிட்டு, இந்த ரெண்டு பேரும் சேரக்கூடாதுன்னு நியாயமான காரணம் யாருக்காவது தெரிஞ்சா இப்பவே சொல்லணும்னு சபையைப் பார்த்து வாசிச்சார்.

எங்க குடும்பம் முழுக்க திரும்பி என்னைப் பார்த்துச்சு. சித்தி பார்த்தாங்க, மாமி பார்த்தாங்க, முன்னாடி ஜினி கையைப் பிடிச்சுட்டு நின்ன மாமாவும் திரும்பிப் பார்த்தார்.

அம்மா மட்டும் திரும்பல. பர்ஸைத் திறந்து ஒரு கப்பலண்டி மிட்டாயை எடுத்து என் கையில வச்சாங்க.

வாயில போட்டுக்கிட்டேன். கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு.