அரசு அங்கீகாரம் பெற்ற கிந்தே

சிறு குழந்தைகள் கிந்தே வரைவதில் நாடு வெகுவாகப் பின்தங்கியிருப்பதைத் தலைநகரில் ஒரு கூட்டம் போட்டுக் கண்டுபிடித்தார்கள். கிந்தே என்றால் வேறொன்றுமில்லை, கட்டைவிரல் அளவு ரீங்காரச் சிட்டுதான். எங்கள் மலைச்சரிவில் ஜன்னலைத் திறந்தால் போதும், மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்று நம்மை விசாரித்துவிட்டுப் போகும். அதைப் பிள்ளைகள் இத்தனை காலமும் தங்கள் இஷ்டத்துக்கு வரைந்து வந்திருக்கிறார்கள் என்ற அக்கிரமம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

உடனே ஒரு சுற்றறிக்கை பிறந்தது. பெரிய வட்டம், அதன்மேல் சின்ன வட்டம், ஸ்கேல் வைத்து அலகு என்று ஒன்பது படிகள். பக்கத்துக்குப் பத்தாக இருபது இறகுகள் "தெளிவாகவும், தனித்தனியாகவும், எண்ணத்தக்கவையாகவும்" இருத்தல் வேண்டும். இதைத் தயாரித்தவர் ரிகோபெர்த்தோ என்கிற சாலை இன்ஜினியர். எங்கள் ஊரில் ஒருவரை இன்ஜினியர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. பாலம் கட்டுகிறவருக்குப் பறவை கட்ட வராதா என்ன?

சிக்கிக்கொண்டவள் எதெல்வினா. ஏழு வருஷமாகத் தற்காலிக டீச்சர். வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகளும் முறைப்படி வரைந்துவிட்டால் வேலை நிரந்தரம். ஒன்று குறைந்தாலும் ஜூன் மாதத்தோடு மூட்டை கட்டலாம். பாவம், மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தினாள். ஐந்து வயசுப் பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு இறகு எண்ணின. இருபத்தொன்று தேறிவிட்டது. தாமியா மட்டும் மசியவில்லை.

அவள் பச்சையில் உடம்பு போடுவாள், கறுப்பில் அலகு வைப்பாள். அப்புறம் க்ரேயானைப் படுக்கப் போட்டு இரண்டு பக்கமும் ஒரு தேய் தேய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வாள்.

"றெக்கை எங்கடி கண்ணு?"

"அதான் பறக்குதே டீச்சர்."

"நிக்கிற மாதிரி வரையேன். என் செல்லம்ல?"

"றெக்கை நின்னா கீழ விழுந்துடுமே!"

எதெல்வினா சுற்றறிக்கையைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்பது படிகளில் ஒன்றிலும் விழுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆய்வு நாளன்று இன்ஜினியர் நேரில் வந்தார். அவித்த சோளமும் சீஸும் தட்டில் வைத்தார்கள். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்து, இறகு எண்ணி, சிவப்பு மை டப்பாவில் முத்திரையைத் தோய்த்து டொம் டொம் என்று குத்திக்கொண்டே வந்தார். இருபத்திரண்டாவது தாளில் கை நின்றது.

"இதென்ன, புகையா?"

"றெக்கை," என்றாள் தாமியா.

"எண்ண முடியலையே."

"யாராலயும் முடியாது, இன்ஜினியர்."

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியே ஒரு கிந்தே வந்தது. சிவப்பைக் கண்டாலே அதற்குப் பூ என்று நினைப்பு. நேராக மை டப்பாவுக்கு மேலே வந்து நின்றது. இன்ஜினியர் பாய்ந்து கண்ணாடியை மாட்டினார்.

"ஒண்ணு... ரெண்டு... ஏய், ஆட்டாத! ஒண்ணு..."

கிந்தே அலகை மையில் நனைத்துப் பார்த்தது, பிடிக்கவில்லை, போய்விட்டது. இன்ஜினியர் குறிப்பேட்டில் எழுதினார்: "மேற்படி பறவை ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை."

பிறகு நிமிர்ந்தார். "டீச்சர், குழந்தை மேல தப்பில்ல. உங்க வட்டாரத்துப் பறவையே சரியில்ல. அதைப் பார்த்துப் பார்த்து இவ கெட்டுப் போயிருக்கா."

"அப்ப என் வேலை, இன்ஜினியர்?" எதெல்வினா சோளத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "கொஞ்சம் மனசு வையுங்க."

"சட்டத்துக்குத்தான் மனசு கிடையாது, எனக்கு உண்டு. இந்தச் சோளத்தைச் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அந்தத் தாளை நான் பார்க்கவே இல்ல." இன்ஜினியர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார்.

எதெல்வினா ஸ்கேலை எடுத்தாள். அந்தப் புகைக்கு மேலே ஒவ்வொரு இறகாக இருபதையும் போட்டாள். தாமியா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், விழுந்துடும்."

"விழாதுடி. நான் பிடிச்சுக்கறேன்."

டொம்!

பெரியவள் கை போட்ட படமல்லவா, மாவட்டத்திலேயே முதல் பரிசு அதற்குத்தான். பாதிரியார் படத்துக்குத் தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார். சுற்றறிக்கையைச் சந்தையில் உரக்கப் படித்து வயிறு வலிக்கச் சிரித்த ஜனங்களே மறுநாள் வரிசையில் வந்து நின்று, "எங்க வீட்டுப் பிள்ளைக்கும் கொஞ்சம் பெரிய முத்திரையா ஒண்ணு போட்டுத் தரக்கூடாதா?" என்று கேட்டார்கள். தாமியாவின் அப்பா படத்துக்குக் கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரே மாட்டினார். வந்தவர் போனவர் எல்லோரும் அவள் கன்னத்தைக் கிள்ளி, "எவ்வளவு அழகான றெக்கை!" என்றார்கள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், பத்தாவது ஆள் சொன்னபோது சிரித்தாள்.

எதெல்வினாவும் தன் நிரந்தர உத்தரவைக் கண்ணாடி போட்டு வகுப்புச் சுவரில் மாட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை ஜன்னலில் ஒரு கிந்தே வந்து நின்றது. இருபத்திரண்டு தலையும் திரும்பின. முதலில் வாய் திறந்தவள் தாமியாதான்.

"டீச்சர், பாவம், அதுக்கு றெக்கை போட மறந்துட்டாங்க!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எதெல்வினா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கண் சுவரில் மாட்டியிருந்த உத்தரவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"அது ஸ்கூலுக்குப் போகாத பறவைடி," என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.